நினைவில் இருக்கும் டொர்னாடோவும் வரப்போகும் டொர்னாடோவும்

2019 மே 20, திங்கட்கிழமை. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் பல ஊர்களில் அன்று பள்ளி இல்லை. ஓக்லஹோமா சிட்டி, மூர், நார்மன் என்று அடுத்தடுத்து இருக்கும் ஊர்கள் முன்கூட்டியே விடுமுறை விட்டுவிட்டன. டிங்கர் விமானப்படைத் தளம் தன் விமானங்களை வேறு இடங்களுக்கு அனுப்பிவிட்டது. நார்மனில் உள்ள புயல் முன்கணிப்பு மையம், தான் பயன்படுத்தும் ஐந்து ஆபத்துப் படிகளில் உச்சப் படியை அறிவித்திருந்தது. ஆபத்து மிகுந்த பகுதியில் எந்த இடத்தை எடுத்துக்கொண்டாலும், அதைச் சுற்றி 40 கிலோமீட்டருக்குள் டொர்னாடோ, அதாவது இடிமேகத்திலிருந்து தரையைத் தொடும் சுழல்காற்று, இறங்க 45 விழுக்காடு வாய்ப்பு என்றது அதன் கணக்கு. சாதாரண நாட்களில் இந்த எண் பெரும்பாலும் ஒரு விழுக்காட்டைக்கூடத் தொடாது.

மூர் மக்களுக்கு அந்தத் தேதியே போதும். சரியாக ஆறு வருடம் முன்பு, 2013 மே 20 பிற்பகலில், உச்ச வலிமை கொண்ட ஒரு டொர்னாடோ அந்த ஊருக்குள் புகுந்தது. 24 பேர் இறந்தார்கள். அவர்களில் ஏழு பேர் பிளாசா டவர்ஸ் தொடக்கப் பள்ளியின் குழந்தைகள். 2019-இல் அதே தேதியில் உச்ச எச்சரிக்கை வந்தபோது, எந்தப் பெற்றோரும் விழுக்காட்டைக் கணக்குப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அன்று டொர்னாடோக்கள் இறங்கத்தான் செய்தன, கனமழையும் வெள்ளமும் வந்தன. ஆனால் அஞ்சிய அளவுக்குப் பேரழிவு வரவில்லை. "வீண் பீதி" என்று சிலர் சலித்துக்கொண்டார்கள். என்னால் அதை அப்படிப் பார்க்க முடியவில்லை. பள்ளிகளை மூடியது சரியான முடிவு. ஆனாலும் அந்தச் சலிப்பை ஒதுக்கிவிட முடியாது. பெரிய இடிப்புயல் வரிசை ஒன்றுக்காக ஒரு ஊர் காத்திருக்கும் அந்தச் சில மணி நேரத்தில், மக்கள் என்ன செய்கிறார்கள் என்பதை வானிலை வரைபடத்தைவிட அதிகமாகத் தீர்மானிப்பது பழைய நினைவுதான். அது சில நேரம் காப்பாற்றுகிறது, சில நேரம் கொன்றும்விடுகிறது. எப்போது எது நடக்கிறது என்று பார்க்க, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

காத்திருப்பதே ஒரு காலத்தில் சாத்தியமில்லை. 1925 மார்ச் 18 அன்று மிசோரி, இலினாய், இண்டியானா என்று மூன்று மாநிலங்களைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போன டொர்னாடோவில் 695 பேர் இறந்தார்கள். அது சுமார் 350 கிலோமீட்டர் தூரத்தை மூன்றரை மணி நேரத்தில் கடந்தது. முதல் ஊர் அழிந்து மூன்று மணி நேரம் கழித்து அழிந்த ஊருக்கும் எந்தத் தகவலும் போய்ச் சேரவில்லை. மக்கள் பீதியடைவார்கள் என்ற காரணத்தைச் சொல்லி, வானிலை அறிக்கையில் டொர்னாடோ என்ற சொல்லையே பல பத்தாண்டுகள் ஒதுக்கிவைத்திருந்த காலம் அது.

அதை உடைத்தவர்கள் ஃபாபுஷ், மில்லர் என்ற இரண்டு விமானப்படை வானிலை அதிகாரிகள். 1948 மார்ச் 20 அன்று டிங்கர் தளத்தை ஒரு டொர்னாடோ தாக்கி விமானங்களை நொறுக்கியது. அன்றைய வளிமண்டல நிலவரத்தை இருவரும் உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். ஐந்தே நாளில், மார்ச் 25 அன்று, அதே மாதிரி நிலவரம் மறுபடி உருவாவதைக் கண்டு எச்சரிக்கை விடுத்தார்கள். விமானங்களைப் பத்திரப்படுத்தினார்கள். மாலையில் டொர்னாடோ அதே தளத்துக்கே வந்தது. டொர்னாடோ முன்கணிப்பு என்ற துறைக்கு அதுதான் தொடக்கம். ஐந்து நாள் பழைய நினைவை வரைபடமாக மாற்றத் தெரிந்த இருவர் அங்கே இருந்தது பெரிய விஷயம்.

அவர்கள் கண்ட நிலவரம் எது? மெக்சிகோ வளைகுடாவிலிருந்து சூடான, ஈரம் நிறைந்த காற்று தரையோடு வடக்கே ஏறிவருகிறது. அதற்கு மேலே, தென்மேற்கு வறண்ட நிலங்களிலிருந்து வரும் சூடான உலர் காற்று ஓர் அடுக்காகப் படிந்து, பானைக்கு மூடி போட்டது போல் கீழ்க் காற்றை அடக்கிவைக்கிறது. பகல் முழுவதும் வெயில் கீழே சூட்டை ஏற்றிக்கொண்டே போகிறது. பிற்பகலில் எங்காவது மூடி திறந்துகொண்டால், அடைபட்ட காற்று ஒரே பாய்ச்சலில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்துக்கு எழும்புகிறது. இதோடு நின்றால் இடியும் ஆலங்கட்டியும்தான். ஆனால் உயரம் ஏற ஏறக் காற்றின் வேகமும் திசையும் மாறிக்கொண்டே போனால், எழும்பும் காற்று முழுவதும் சுழலத் தொடங்குகிறது. அப்படிச் சுழலும் இடிமேகத்தைத்தான் சூப்பர்செல் என்கிறார்கள். அதன் அடியில், எல்லாம் கூடிவந்தால், டொர்னாடோ இறங்குகிறது.

எல்லாம் கூடிவருமா என்பதுதான் யாருக்கும் முழுதாகப் பிடிபடாத இடம். பெரும்பாலான சூப்பர்செல்களில் டொர்னாடோ உருவாவதே இல்லை. மூடி கொஞ்சம் அதிக நேரம் தாங்கிவிடலாம், காலையில் பெய்த மழை காற்றைக் குளிர்வித்துவிடலாம். வங்காள விரிகுடாப் புயல் என்றால் பெயர் வைத்து, நாட்கணக்கில் பாதையைத் தொடர்ந்து பார்க்கிறோம். டொர்னாடோவின் அகலம் பெரும்பாலும் சில நூறு மீட்டர், ஆயுள் சில நிமிடம். இந்த நாளில் இந்த மாநிலத்தில் டொர்னாடோக்கள் வரும் என்று மூன்று நாள் முன்பே சொல்ல முடிகிறது. எந்தத் தெருவில் என்பது பதினைந்து நிமிடம் முன்னால்தான் தெரியும், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். அதனால்தான் ஒரே நாளில் இரண்டு வகை அறிவிப்பு வருகிறது. "வாட்ச்" என்றால் அடுத்த பல மணி நேரத்துக்கு இந்தப் பகுதியில் வர வாய்ப்பு உண்டு என்று பொருள். "வார்னிங்" என்றால் ரேடாரிலோ கண்ணிலோ சுழற்சி தெரிந்துவிட்டது, உடனே ஒதுங்கு என்று பொருள்.

அமெரிக்காவின் இரண்டு பெரிய டொர்னாடோ நாட்களை அருகருகே வைத்துப் பார்த்தால், முன்கணிப்பு எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்பது தெரியும்.

1974 ஏப்ரல் 3-4. 24 மணி நேரத்தில் 13 மாநிலங்களிலும் கனடாவின் ஒன்டாரியோவிலுமாக 148 டொர்னாடோக்கள். 300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒஹையோவின் சீனியா ஊரில் பள்ளி மேடையில் நாடக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த மாணவர்கள் விஷயம் தெரிந்து நடைபாதைக்கு ஓடினார்கள். சற்று நேரத்தில் அந்த மேடையின் மேல் பள்ளிப் பேருந்துகள் கிடந்தன. அலபாமாவின் டேனர் பகுதியில் ஒரு டொர்னாடோ கடந்து அரை மணி நேரத்தில் இன்னொன்று வந்தது. முதலாவதில் சிக்கியவர்களை மீட்க வந்தவர்களும் இரண்டாவதில் மாட்டிக்கொண்டார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் டெட் ஃபுஜிடா அந்த 148 பாதைகளையும் ஒரே வரைபடத்தில் கொண்டுவந்தார். 1945-இல் ஹிரோஷிமா, நாகசாகி அழிவை நேரில் போய் ஆராய்ந்தவர் அவர். விழுந்து கிடக்கும் மரங்களையும் சுவர்களையும் பார்த்துக் காற்று எப்படி வீசியது என்று வாசிக்கும் அவருடைய பழக்கத்துக்கு அந்த அனுபவமும் ஒரு வேர். டொர்னாடோவின் வலிமையைக் குறிக்க இன்று பயன்படும் இஎஃப்0 முதல் உச்சமான இஎஃப்5 வரையிலான அளவுகோல், அவர் வகுத்த எஃப் அளவுகோலின் திருத்திய வடிவம்.

2011 ஏப்ரல் 27. இடையில் 37 வருடம் போயிருக்கிறது. காற்றின் சுழற்சியையே காட்டும் டாப்ளர் ரேடார்கள், செயற்கைக்கோள்கள், கணினி மாதிரிகள், 24 மணி நேரத் தொலைக்காட்சி எல்லாம் வந்துவிட்டன. நாட்கணக்கில் முன்பே எச்சரிக்கை போயாயிற்று. அலபாமாவில் பல பள்ளிகள் மூடப்பட்டன. அப்படியும் அந்த ஒரே நாளில் 200-க்கும் மேற்பட்ட டொர்னாடோக்கள் இறங்கி, 300-க்கும் மேற்பட்டோரைக் கொன்றன. 1974-இன் எண்ணிக்கையேதான், கிட்டத்தட்ட.

இந்தக் கணக்கை முதலில் பார்த்தபோது எனக்கு நம்பிக்கையே போய்விட்டது. அப்புறம் அந்த நாளை மணிவாரியாகப் படித்தால்தான் விஷயம் புரிகிறது.

விடியும் முன்பே ஓர் இடிப்புயல் வரிசை அலபாமாவைக் கடந்தது. அதிலேயே சில டொர்னாடோக்கள் இருந்தன, மின்கம்பிகள் அறுந்தன, லட்சக்கணக்கானோருக்கு மின்சாரம் போயிற்று. எச்சரிக்கையை வீட்டுக்குள் கொண்டுவரும் வானிலை வானொலியின் சில ஒலிபரப்பு நிலையங்களும் செயலிழந்தன. பிறகு சில மணி நேரம் அமைதி. வந்தது போய்விட்டது என்று நினைக்க அதைவிட நல்ல சூழல் கிடைக்காது. ஆனால் அந்த அமைதியில்தான் தரைக் காற்று மறுபடி சூடேறிக்கொண்டிருந்தது.

பிற்பகல் மூன்று மணி வாக்கில் கல்மன் நகரத்துக்குள் டொர்னாடோ நுழைவதைக் கோபுரக் கேமரா நேரலையில் காட்டியது. ஐந்து மணிக்குப் பிறகு டஸ்கலூசா. பர்மிங்ஹாம் பகுதி மக்கள் மிகவும் நம்பும் வானிலையாளர் ஜேம்ஸ் ஸ்பேன் திரையில் பேசிக்கொண்டிருக்க, பின்னால் அந்தக் கரிய சுழல் நகரத்தை நோக்கி நகர்வதைப் பார்த்தவர்கள் ஓடி ஒளிந்தார்கள். காலையிலேயே மின்சாரம் போன வீடுகளில் அந்தத் திரை இருண்டு கிடந்தது. டஸ்கலூசாவில் தொடங்கி பர்மிங்ஹாம் வரை போன அந்த ஒரு டொர்னாடோ 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. வடக்கே ஹேக்கிள்பர்க், ஃபில் கேம்பெல் ஊர்களைத் துடைத்துப்போட்ட இஎஃப்5 டொர்னாடோ 200 கிலோமீட்டருக்கு மேல் தரையை விடாமல் போய் 72 பேரைக் கொன்றது. அது கடந்த இடங்களில் டேனரும் ஒன்று. 1974-இல் இரண்டு முறை அடிபட்ட அதே டேனர். பிரவுன்ஸ் ஃபெரி அணுமின் நிலையத்துக்குப் போகும் மின்தடங்களும் அன்று அறுந்தன. அதன் மூன்று உலைகளும் தாமாக நின்றன. வட அலபாமா நாட்கணக்கில் இருளில் கிடந்தது.

அன்றைய பேரழிவைக் கணிக்கத் தவறினார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. கணிப்பு இருந்தது. அது கடைசி வீட்டுக்குப் போய்ச் சேரும் வழி அறுந்திருந்தது. போய்ச் சேர்ந்த சில வீடுகளிலும் ஒதுங்க ஓர் இடம் இல்லை. எச்சரிக்கையே இல்லாமல் அந்த டொர்னாடோக்கள் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு 1925 இருக்கிறது.

நினைவு எப்படி ஏமாற்றும் என்பதற்கு டொபீக்கா நல்ல சாட்சி. கான்சாஸ் மாநிலத் தலைநகரான அந்த ஊருக்குத் தென்மேற்கே பர்னட்ஸ் மவுண்ட் என்ற குன்று இருக்கிறது. அது இருக்கும்வரை டொர்னாடோ ஊருக்குள் வராது என்று தலைமுறை தலைமுறையாக ஒரு நம்பிக்கை. 1966 ஜூன் 8 அன்று எஃப்5 டொர்னாடோ அந்தக் குன்றின் மேலேயே ஏறி இறங்கி நகரத்தைக் குறுக்கே கிழித்துப் போட்டது. இப்படி ஆறு, மலை, மேடு என்று ஏதோ ஒன்று தங்களைக் காக்கிறது என்று நம்பும் ஊர்கள் அமெரிக்க நடுநிலத்தில் நிறைய. டொர்னாடோ அபூர்வமானது. ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஐம்பது வருடம் வராமல் இருக்க எந்தக் குன்றும் தேவையில்லை.

மிசோரியின் ஜாப்ளினில் நடந்தது வேறு மாதிரி. 2011 மே 22 அன்று அங்கே 150-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதல் சைரன் ஒலித்தபோது டொர்னாடோ நகரத்துக்கு வர 20 நிமிடத்துக்கும் மேல் இருந்தது. பிறகு ஆராய்ந்தவர்கள் கண்டது: சைரன் கேட்டும் பெரும்பாலானோர் உடனே ஒதுங்கவில்லை. வானத்தைப் பார்த்தார்கள், தொலைக்காட்சியைத் திருப்பினார்கள், வேறு ஏதாவது அறிகுறி கிடைக்கிறதா என்று காத்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலகட்டத்தில் அமெரிக்கா முழுவதும் விடுத்த டொர்னாடோ வார்னிங்குகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பொய்த்துப் போயின. எச்சரிக்கையை மாவட்டம் முழுவதற்கும் என்று இல்லாமல், புயல் போகும் பாதையை மட்டும் சுற்றிப் பலகோணமாக வரைந்து விடுக்கும் முறை 2007-இலேயே வந்துவிட்டது. சைரன்களைப் பல இடங்களில் பழைய வழக்கப்படி மாவட்டம் முழுவதும் ஒலிக்கவிட்டார்கள். பத்து முறை ஒலித்து ஒன்றும் வராத சைரனைப் பதினோராவது முறையும் கேட்பவரின் மனநிலையை இந்த ஏற்பாடே உருவாக்கியது.

புதிய நினைவும் கொல்லும். மூர் அழிந்து பதினோரு நாள் கழித்து, 2013 மே 31 வெள்ளிக்கிழமை மாலை, ஓக்லஹோமா சிட்டிக்கு மேற்கே எல் ரீனோ அருகே 4 கிலோமீட்டருக்கும் அதிக அகலமான ஒரு டொர்னாடோ இறங்கியது. இதுவரை அளந்ததில் மிக அகலமானது அதுதான். தரைக்குக் கீழே போகாவிட்டால் பிழைக்க முடியாது என்ற பேச்சு மூருக்குப் பிறகு மக்கள் மனதில் ஆழமாகப் பதிந்திருந்தது. நிலவறை இல்லாதவர்கள் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். தெற்கே ஓட்டிப் போய்விடுங்கள் என்று தொலைக்காட்சியிலும் ஒருவர் சொன்னார். நெடுஞ்சாலைகளில் வண்டிகள் அசையாமல் நின்றன. அந்த டொர்னாடோவில் இறந்த எட்டுப் பேரும் வாகனங்களில் இருந்தவர்கள், அவர்களில் புயலை ஆராயப் போன டிம் சமராஸும் அவருடைய குழுவினரும் உண்டு. அதன் பிறகு கொட்டிய மழையின் வெள்ளத்தில் அதைவிட அதிகம் பேர் இறந்தார்கள். டொர்னாடோவுக்குப் பயந்து வடிகால் குழாய்களுக்குள் ஒளிந்தவர்களும் அதில் இருந்தார்கள். அந்த டொர்னாடோ நகரத்துக்கு வரும் முன்பே அடங்கிவிட்டது. நின்றிருந்த வண்டிகளின் வரிசைக்குள் அது வந்திருந்தால் என்று யோசிக்கவே நடுக்கமாக இருக்கிறது.

மனதில் இருக்கும் நினைவு இப்படி இரண்டு பக்கமும் சாய்கிறது. சட்டத்திலும் கான்கிரீட்டிலும் எழுதிவைத்த நினைவு அப்படிச் சாய்வதில்லை. 2007 மார்ச் 1 அன்று அலபாமாவின் என்டர்பிரைஸ் உயர்நிலைப் பள்ளியில் எட்டு மாணவர்கள் டொர்னாடோவில் இறந்தார்கள். 2010-இல் அந்த மாநிலம், புதிதாகக் கட்டும் அரசுப் பள்ளிகளில் பாதுகாப்பு அறை கட்டாயம் என்று சட்டம் போட்டது. மூர் நகரம் 2014-இல் வீடு கட்டும் விதிகளையே மாற்றியது. கூரையைச் சுவரோடு பிணைக்க உலோகப் பட்டைகள், வலுவான கராஜ் கதவு, மணிக்கு 217 கிலோமீட்டர் காற்றைத் தாங்கும் கட்டுமானம். இஎஃப்5 காற்று 322 கிலோமீட்டரையும் தாண்டும், அப்படியிருக்க இதில் என்ன பயன் என்று கேட்கலாம். மிகக் கொடிய டொர்னாடோவிலும் உச்ச வேகம் வீசுவது மையத்தை ஒட்டிய ஒரு சின்னப் பட்டையில்தான். மீதி அகலம் முழுவதும் காற்று அதைவிட மெதுவானது. அங்கே இருக்கும் வீடுகளை இந்த விதிகள் நிற்கவைக்கும்.

2011-க்குப் பிறகு அலபாமாவில் பரவிய இன்னொரு பழக்கம் தலைக்கவசம். இறந்தவர்களில் பலருக்கு அடி தலையில் விழுந்திருந்தது. சைக்கிள் ஹெல்மெட், கிரிக்கெட் மட்டையைப் போல அங்கே வீட்டுக்கு வீடு கிடக்கும் பேஸ்பால் ஹெல்மெட், எதுவானாலும் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஸ்பேன் ஒவ்வொரு புயல் நாளிலும் சொல்கிறார். கெட்டியான அடி கொண்ட காலணி, இடிபாட்டில் சிக்கினால் ஊத ஓர் ஒலிப்பான், இவையும் அவருடைய பட்டியலில் உண்டு. சைரனை மட்டும் நம்பாதீர்கள், அது வெளியே இருப்பவர்களுக்காக வைத்தது என்று அவர் பல வருடமாகத் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறார். 2012-இலிருந்து கைபேசிக்கே எச்சரிக்கை நேராக வருகிறது.

இவ்வளவுக்கும் பிறகும் பெரிய ஓட்டையாக இருப்பது மொபைல் ஹோம் எனப்படும் வீடுகள். தொழிற்சாலையில் செய்து லாரியில் ஏற்றி வந்து, அடித்தளம் இல்லாமல் பட்டைகளால் தரையோடு கட்டிவைக்கும் எடை குறைந்த வீடுகள் அவை. அமெரிக்காவின் மொத்த வீடுகளில் ஏறத்தாழ ஆறு விழுக்காடுதான். டொர்னாடோவில் வீட்டுக்குள் இறப்பவர்களிலோ பாதிக்குப் பாதி இவற்றில் இருந்தவர்கள். தென்கிழக்கு மாநிலங்களில் இந்த வீடுகள் ஊருக்கு வெளியே தனித்தனியாகச் சிதறிக்கிடக்கின்றன. அங்கே மரங்களும் மேடுகளும் அடிவானத்தை மறைக்கும், டொர்னாடோக்கள் இரவில் வருவதும் அதிகம். இரவு டொர்னாடோ பகல் டொர்னாடோவைவிட உயிரைப் பறிக்க இரண்டு மடங்குக்கும் மேல் வாய்ப்பு உள்ளது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2019 மார்ச் 3 அன்று அலபாமாவின் பியூரகார்ட் பகுதியில் 23 பேர் இறந்தார்கள். வாட்ச் இருந்தது, வார்னிங்கும் இருந்தது. இறந்தவர்களில் பெரும்பாலானோர் மொபைல் ஹோம்களில் இருந்தார்கள். பல வீடுகள் தரையோடு சரியாகப் பிணைக்கப்படவில்லை என்பதை ஆய்வாளர்கள் பிறகு கண்டார்கள்.

வார்னிங் வந்த பிறகு கிடைக்கும் பத்து நிமிடத்தில், குழந்தைகளை எழுப்பி, வயதானவரைக் காரில் ஏற்றி, மழையில் பல கிலோமீட்டர் ஓட்டிப் பாதுகாப்பு அறைக்குப் போ என்று இவர்களிடம் சொல்வதில் அர்த்தமில்லை. இவர்களுக்கு உதவக்கூடிய நேரம் அதற்கு முந்தைய நேரம்தான்: உச்ச ஆபத்து என்று வரைபடம் காட்டியும் வானத்தில் இன்னும் ஒன்றும் தெரியாத அந்த நாலைந்து மணி நேரம். வாட்ச் அறிவித்ததுமே பொதுப் பாதுகாப்பு அறைகளையும் தேவாலயக் கட்டடங்களையும் திறந்துவிடும் மாவட்டங்கள் அலபாமாவில் இருக்கின்றன. இரவு வேலைக்குப் போகிறவரின் குழந்தைகளையும், கார் இல்லாத வீட்டாரையும் அந்த நேரத்திலேயே அங்கே கொண்டுசேர்க்க வண்டி வேண்டும், நாய் பூனையோடு வருபவரைத் திருப்பி அனுப்பாத கதவு வேண்டும். ஒன்றும் நடக்காமல் நள்ளிரவில் எல்லோரும் வீடு திரும்பினால், அடுத்த முறையும் இதே ஏற்பாடு அதே நேரத்துக்குத் தயாராக இருக்க வேண்டும்.